ஒற்றை பேண்டை நம்பாதீர்கள்: ஆன்டிபாடியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தரமணியில் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி ஒரு வெஸ்டர்ன் பிளாட்டைக் கொண்டுவந்து காட்டினாள். செல்லின் புரதங்களை ஜெல்லில் எடைப்படி பிரித்து, வேண்டிய புரதத்தை ஆன்டிபாடியால் தேடும் சோதனை அது. 50 கிலோடால்டனுக்குச் (புரத எடையின் அலகு) சற்று மேலே ஒரே ஒரு பேண்ட், கறுப்பாக, பளிச்சென்று. "பி53 வந்துடுச்சு அக்கா!" புற்றுநோயைத் தடுக்கும் புரதம் அது, அவள் தேடியதும் அதைத்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே பேண்டைப் பார்த்து நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் மகிழ்ந்தேன்.

பிப்பெட், லேபிள் தவறுகளை யாராவது திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எடை பொருந்துகிறது என்று நம்புவது

பி53 புரதத்தில் 393 அமினோ அமிலங்கள். கணக்குப்படி எடை சுமார் 44 கிலோடால்டன். ஜெல்லில் ஓடுவதோ 53 அருகில். பெயரே அப்படி வந்ததுதான். அந்த இடம் நெரிசலான இடம்: டியூபுலின் என்ற புரதம் அங்கே, ஆன்டிபாடியின் கனச் சங்கிலியும் அங்கேதான். எடை பொருந்துவது ஒரு துப்பு. அவ்வளவுதான்.

பிஎச்.டி.யின் முதல் வருடம். முயலில் தயாரித்த பாலிகுளோனல் (பல ஆன்டிபாடிகளின் கலவை) ஒன்றை வாங்கினோம். டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்து டிஎன்ஏவைச் சேதப்படுத்தினால், பி53ஐ அழிக்கவைக்கும் எம்டிஎம்2 புரதத்தின் பிடி தளர்ந்து பி53 கூட வேண்டும். என் பேண்ட் அசையவே இல்லை. மருந்தைச் சந்தேகப்பட்டேன், அளவை மாற்றினேன், செல்லை மாற்றினேன். எட்டு மாதம். ஆன்டிபாடியை மட்டும் சந்தேகப்படவில்லை. கடைசியில் பக்கத்து ஆய்வகத்து அண்ணன் ஒருவர் ஹெச்1299 செல்களை உடைத்து எடுத்த சாறு (லைசேட்) கொஞ்சம் கொடுத்தார். அந்த நுரையீரல் புற்றுநோய் செல்லில் பி53 கிடையாது, ஜீனே சிதைந்துபோனது. இருட்டறையில் சிவப்பு விளக்கடியில் ஃபிலிமைத் தூக்கிப் பார்த்தேன். அதே இடத்தில், அதே தடிமனில், அதே பேண்ட்.

இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. ஜெல்லில் அந்த மாதிரிக்கு ஒரே ஒரு லேன் (வரிசை) போட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஆகவே புது ஆன்டிபாடி வந்ததும் முதல் ஜெல்லில் இவை இருக்கட்டும்: பழுதில்லாத பி53 உள்ள எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல், மருந்து கொடுத்தும் கொடுக்காமலும், பக்கத்தில் ஹெச்1299. மருந்து கொடுத்ததில் பேண்ட் ஏற வேண்டும், ஹெச்1299 காலியாக இருக்க வேண்டும். உங்கள் புரதம் இல்லாத செல் கிடைக்கவில்லையா? ஜீனை வெட்டும் கிரிஸ்பர் முறையில் நீக்குங்கள், இல்லை புரத உற்பத்தியைத் தடுக்கும் எஸ்ஐ-ஆர்என்ஏவால் குறையுங்கள். ஆன்டிபாடி பிடிக்கும் சிறு புரதத் துண்டை (பெப்டைடு) போட்டுத் தடுத்துப் பார்ப்பது போதாது. ஆன்டிபாடியின் கையையே அது அடைப்பதால், தவறான பேண்டும் சேர்ந்து மறைந்துவிடும்.

பிளாட்டில் வேலை செய்தது, செல்லிலும் செய்யும் என்பது

செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிளாட்டில் புரதம் மடிப்பு அவிழ்ந்து கிடக்கிறது, செல்லில் மடிந்து இருக்கிறது. தனியாகச் சோதியுங்கள்.

ஆன்டிபாடிக் குழாயை மறுபடி மறுபடி உறையவைத்து உருக்குவது

வந்த அன்றே 10 மைக்ரோலிட்டராகப் பிரித்துவிடுங்கள். பனி தானாகக் கரையும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள், அது அவ்வப்போது சூடாகும். அப்புறம், மே மாதத்தில் கரண்ட் போனால் ஃப்ரீசர் கதவைத் திறக்கவே திறக்காதீர்கள்.

ஹெச்ஆர்பி செகண்டரியில் சோடியம் அசைடு

வேண்டாம். செகண்டரி என்பது முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி; பேண்டைக் காட்டுவது அதில் ஒட்டியிருக்கும் ஹெச்ஆர்பி என்சைம். கெடாமலிருக்கப் போடும் அசைடு அந்த என்சைமைக் கொன்றுவிடும்.

லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணைக் குறிக்காமல் விடுவது

பாலிகுளோனல் என்றால் அடுத்த லாட் வேறு விலங்கின் ரத்தமாக இருக்கலாம். அதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.

மாணவியிடம் எல்லாம் சொன்னேன். ஹெச்1299 ஃபிளாஸ்க் இப்போது இன்குபேட்டரில் இருக்கிறது. வியாழக்கிழமை ஜெல் ஓட்டுகிறாள்.