முகாபேயைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறீர்களா?

வரலாற்று மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. ராபர்ட் முகாபே என்றால் பெரும்பாலும் ஒரே அச்சுதான்: 1980-இல் ஜிம்பாப்வேயின் விடுதலை நாயகன், 2000-க்குப் பிறகு கொடுங்கோலன், இடையில் ‘பதவி மோகம் கண்ணை மறைத்தது’ என்று ஒரு வரி. அந்த வரியைத்தான் முதலில் அடிப்பேன்.

ஒரு தாளின் நடுவே கோடு போடுங்கள். ஒரு பக்கம் புகழ், மறுபக்கம் குற்றச்சாட்டு. எதையும் ஆண்டு போடாமல் எழுதக் கூடாது. ‘கல்வி கொடுத்தார்’ என்று மொட்டையாக வேண்டாம். 1980-இல் தொடக்கப் பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளிகள் கிராமம் வரை வந்தன. சரி, மறுபக்கம்? 1983 தொடக்கத்தில் வடகொரியர்கள் பயிற்சி தந்த ஐந்தாம் படைப்பிரிவு நாட்டின் மேற்கிலுள்ள மாட்டபெலெலாந்தில் இறக்கப்பட்டது. ‘குக்குராஹுண்டி’ என்று அழைக்கப்படும் அந்த வேட்டையில் ஆயிரக்கணக்கான பொதுமக்கள், பெரும்பாலும் அந்தப் பகுதியின் ந்டெபெலே இன மக்கள், கொல்லப்பட்டார்கள். 20,000 பேர் வரை என்பது பரவலான மதிப்பீடு.

இப்போது ஆண்டுகளை மட்டும் பாருங்கள். பள்ளி கட்டியதும் படையை ஏவியதும் ஒரே அரசு, ஒரே காலம். நல்லவர் பிற்பாடு கெட்டார் என்ற கதை அங்கேயே ஆட்டம் காணும்.

அப்புறம், யார் எப்போது வாய் திறந்தார்கள் என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். பிரிட்டன் அவருக்குக் கௌரவ நைட் பட்டம் கொடுத்தது 1994-இல், அதாவது அந்தக் கொலைகளுக்குப் பிறகு. பறித்தது 2008-இல். இடையில் வெள்ளையர் பண்ணைகள் கைப்பற்றப்பட்டிருந்தன. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

நிலப் பகுதிக்கு நிறைய இடம் ஒதுக்குங்கள். நல்ல விளைநிலத்தில் பெரும்பங்கு சில ஆயிரம் வெள்ளையர் கையில் இருந்தது. விடுதலைக்கு வழிவிட்ட 1979-இன் லங்காஸ்டர் ஹவுஸ் ஒப்பந்தத்தால், விற்க மனமுள்ளவரிடம்தான் வாங்கலாம் என்ற நிலை பத்தாண்டு நீடித்தது. ஆக, மக்களின் குறை நிஜம். ஆனால் 2000 பிப்ரவரியில் அரசியலமைப்பு வாக்கெடுப்பில் முகாபே அரசு தோற்ற சூட்டோடு பண்ணை ஆக்கிரமிப்புகள் தொடங்கியதையும் எழுத வேண்டும். சிறு விவசாயிகளுக்கும் நிலம் கிடைத்தது, கட்சிப் பெரும்புள்ளிகளும் சுருட்டினார்கள், பண்ணைக் கூலிகள் வேலையும் வீடும் இழந்தார்கள். மூன்றாவது கூட்டத்தை எல்லோருமே மறந்துவிடுகிறார்கள்.

பணவீக்கத்தின் உச்சத்தில் அச்சான நூறு டிரில்லியன் டாலர் நோட்டுக்கு ஒரு வரி போதும். அதை விட 2008 தேர்தல் முக்கியம்: முதல் சுற்றில் எதிர்க்கட்சித் தலைவர் மோர்கன் ஸ்வாங்கிராய் முந்தினார், அவருடைய ஆட்கள் மீது வன்முறை ஏவப்பட்டது, இரண்டாம் சுற்றுக்கு முன்பே அவர் விலகினார்.

1966-இல் முகாபேயின் சின்ன மகன் கானாவில் இறந்தபோது, சிறையிலிருந்த அவரை அடக்கத்துக்கு விட அப்போதைய வெள்ளையர் ஆட்சியான இயான் ஸ்மித் அரசு மறுத்துவிட்டது. இதைக் கட்டாயம் சேருங்கள். ஆனால் மாட்டபெலெலாந்துக் கொலைகளுக்கு அதை விளக்கமாக வைக்காதீர்கள்.

கடைசியாக, ராணுவம் தலையிட்டு முகாபே பதவி இழந்த 2017 நவம்பர். ‘ராணுவம் சர்வாதிகாரத்துக்கு முடிவு கட்டியது’ என்று எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அடுத்து ஜனாதிபதியான எம்மர்சன் மனங்காக்வா 1983-இல் யாராக இருந்தார் என்று பாருங்கள். முகாபேயின் அரசுப் பாதுகாப்பு அமைச்சர்.