‘ஹவ் ஆர் யூ’ என்றால் நலம் விசாரிப்பு இல்லை: அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கா போன முதல் வாரம். ஒஹாயோவில் ஒரு மளிகைக் கடை. பில் போடும் பெண் என் பால் கேனை ஸ்கேனரில் இழுத்தபடியே ‘ஹவ் ஆர் யூ டூயிங் டுடே?’ என்றார். முன்பின் தெரியாதவர் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று, விமானத்தில் பிடித்த ஜலதோஷம் இன்னும் விடவில்லை, ராத்திரி தூக்கமே இல்லை என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் கை அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் வரிசையில் இருந்தவர் தன் வண்டியில் கிடந்த வாழைப்பழத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

அது கேள்வியே இல்லை, வணக்கம். தெருவில் எதிர்ப்படுபவர் ‘என்ன, சாப்டாச்சா?’ என்றால் இன்றைக்கு என்ன குழம்பு என்று நாம் விவரிப்பதில்லை அல்லவா? அதே கணக்குதான். ‘குட், யூ?’ என்றால் போதும். அதற்கு அவர் பதில் சொல்லாமல் அடுத்த ஆளைப் பார்த்தாலும் அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சில வருடம் கழித்து ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை கிடைத்தது. அங்கே இதே தவறைத் தலைகீழாகச் செய்தேன். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு சக ஊழியர், காலையில் வராந்தாவில் எதிரே வந்தார். அமெரிக்கப் பழக்கத்தில் ‘வீ கேட்ஸ் ஈனன்?’ (எப்படி இருக்கிறீர்கள்?) என்று வீசிவிட்டு நடந்தேன். மனிதர் நின்றுவிட்டார். காபிக் கோப்பையை ஜன்னல் திண்டில் வைத்தார். வலது முழங்கால், டாக்டர் சொன்னது, மாடிப்படி ஏறும்போது எங்கே பிடிக்கிறது என்று ஐந்து நிமிடம் பொறுமையாகச் சொன்னார். நான் கேட்டேன், அவர் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஜெர்மனியில் கேட்க நேரம் இருந்தால் மட்டும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். இல்லாவிட்டால் ‘குட்டன் மோர்கன்’ (காலை வணக்கம்) போதும்.

அடுத்த தவறு அழைப்பில் நடப்பது. பக்கத்து வீட்டு அமெரிக்கர் ‘ஒருநாள் சேர்ந்து சாப்பிடலாம்’ என்பார். பொய் இல்லை, சொல்லும் நேரத்தில் மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் தேதி இல்லாத அழைப்பு அழைப்பே இல்லை. அதை நம்பி வாரக் கணக்கில் காத்திருந்து, கடைசியில் ‘இவர்கள் எல்லாம் வேஷக்காரர்கள்’ என்று முடிவு கட்டிய நண்பர்கள் எனக்கு உண்டு. ஜெர்மன்காரர் லேசில் கூப்பிட மாட்டார். கூப்பிட்டால் மூன்று வாரம் முன்னாலேயே நாளும் மணியும் குறித்துவிடுவார். நீங்கள் போகாவிட்டால் அதை மறக்கவும் மாட்டார்.

இந்த வேறுபாட்டைப் படமாகவே வரைந்தவர் ஒருவர் உண்டு. பெர்லினில் கற்பித்துவந்து, நாஜிகள் ஆட்சியைப் பிடித்த 1933-இல் அமெரிக்காவுக்குப் போன யூத உளவியலாளர் கர்ட் லெவின். 1936-இல் எழுதிய ஒரு கட்டுரையில், மனிதனை வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டுக் காட்டினார். அமெரிக்கரின் வெளி வட்டங்கள் யாருக்கும் திறந்திருக்கும், உள்ளே கடைசி வட்டம் மட்டும் அடைத்திருக்கும். ஜெர்மானியருக்கு வெளிப்பக்கத்திலேயே கோடு தடித்துவிடும், ஆனால் அதைத் தாண்டியவருக்கு உள்ளே தடை குறைவு. இதைத்தான் இன்றைக்கு அமெரிக்கர் பீச் பழம், ஜெர்மானியர் தேங்காய் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பீச் பழக்கமில்லாதவர்கள் மாம்பழம் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே மெத்தென்று இருக்கும், கொட்டையில் பல் படும்.

இது புரியாமல் போய்க் கையைச் சுட்டுக்கொண்டது அமெரிக்கப் பேரங்காடி நிறுவனம் வால்மார்ட். 1997-இல் ஜெர்மனிக்குள் நுழைந்து, வாசலில் வரவேற்க ஆள் நிறுத்தி, ஊழியர்களை வாடிக்கையாளர்களிடம் சிரிக்கச் சொன்னது. பலர் அதை விரும்பவில்லை. கல்லாவில் இருப்பவர் காரணமில்லாமல் சிரித்தால் நம்மிடம் வழிகிறாரோ என்று நினைத்தவர்கள்கூட உண்டு. 2006-இல் கடைகளை ஜெர்மனியின் மெட்ரோ குழுமத்திடம் விற்றுவிட்டுக் கிளம்பியது. ஆல்டி போன்ற உள்ளூர்க் கடைகளின் மலிவு விலையும் தொழிலாளர் பிரச்சினைகளும்தான் பெரிய காரணங்கள். சிரிப்பைப் பேசுவது நமக்குச் சுவாரஸ்யம், அவ்வளவே.

ஆகவே, முகம் கொடுக்காத ஐரோப்பியரைக் கண்டதும் ‘நம் நிறம்தான் காரணம்’ என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். நிறவெறி அங்கே இல்லை என்று சொல்லவரவில்லை, இருக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ரயிலில் எதிர் இருக்கைக்காரரின் அந்த உறைந்த முகம் எல்லாருக்கும் பொதுவானது. அவர் உங்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதையே மரியாதை என்று நினைக்கிறார்.

இதிலிருந்து இன்னொரு தவறு முளைக்கும். ஐரோப்பியர் அந்நியரிடம் பேசமாட்டார்கள், நாமும் வாயைத் திறக்க வேண்டாம் என்று இருந்துவிடுவது. பிரான்ஸில் இது பெரிய குற்றம். ரொட்டிக் கடைக்குள் நுழைந்து நேரே ‘ஒரு பாகெத்’ என்றால் உங்களை நாகரிகமில்லாதவர் என்று முடிவு செய்துவிடுவார்கள். முதலில் ‘போன்ஜூர்’ (வணக்கம்), அப்புறம்தான் ரொட்டி. பஸ் ஏறும்போது ஓட்டுநருக்கும் அதே போன்ஜூர். ‘பாரிஸ்காரர்கள் திமிர் பிடித்தவர்கள்’ என்ற புகாரில் பாதி, இந்த ஒரு வார்த்தையை விழுங்கியதால் வந்தது என்பது என் எண்ணம். ஜெர்மனியிலும் டாக்டரின் கிளினிக்கில் காத்திருப்பு அறைக்குள் நுழைந்தால், பொதுவாக அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாருக்குமாக ஒரு ‘குட்டன் டாக்’ சொல்வார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்காமலே பதில் முணுமுணுப்பார்கள். ஆல்ப்ஸ் மலைப்பாதையில் எதிரே வருபவருக்கும் வணக்கம் உண்டு. அதே மனிதர் கீழே ஊருக்குள் உங்களைத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

அமெரிக்க உணவகத்தில் பரிமாறுபவர் நிமிடத்துக்கொரு தரம் வந்து சிரிப்பதைத் தனிப்பட்ட பிரியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய அரசு விதித்த குறைந்தபட்ச மணிக்கூலி 1991 முதல் 2.13 டாலரிலேயே நிற்கிறது. பல மாநிலங்களில் கூடுதலாகக் கிடைக்கும். பல இடங்களில் அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி, பில் தொகையில் நீங்கள் வைக்கும் 15, 20 சதவீத டிப்ஸ்தான்.

ஐரோப்பா ஒரே ஊர் என்று நினைப்பதும் தவறு. அயர்லாந்தில் பஸ் நிறுத்தத்தில் பேச்சைத் தொடங்கினால் பஸ் வரும்வரை நிற்காது. பின்லாந்தில் அதே நிறுத்தத்தில் ஆளுக்கு ஆள் நாலு அடி விட்டு நிற்பார்கள். அமெரிக்காவிலும் நியூயார்க்காரரை வைத்து மினசோட்டா மாநிலத்தை எடை போட முடியாது என்பதும் இதே போலத்தான்.

நீ, நீங்கள் விஷயத்தில் மட்டும் தமிழருக்குச் சற்று வசதி. ஜெர்மனில் ‘டூ’ என்பது நீ, ‘ஸீ’ என்பது நீங்கள். அமெரிக்கர்கள் இங்கே தடுமாறுவார்கள், முதல் நாளே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவர்கள் அவர்கள். நாம் தடுமாறுவது வேறிடத்தில். நம் ஊரில் வயது குறைந்தவரைத் தானாக ‘நீ’ என்றுவிடுவோம். அங்கே வயதுவந்தவர்களுக்குள் அப்படி இல்லை. ‘டூ’ போடலாம் என்று மூத்தவரோ மேலதிகாரியோ வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மாறலாம். ஸ்வீடனில் 1960-களின் கடைசியில் இந்த வேறுபாட்டையே விட்டுவிட்டார்கள், இன்று எல்லாருக்கும் ‘டூ’தான். அதற்காக அங்கே பக்கத்து வீட்டுக்காரர் உங்களைக் காபிக்குக் கூப்பிட்டுவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஸ்டுட்கார்ட்டில் எனக்கு ‘டூ’ கிடைக்க இரண்டு வருடம் ஆனது. அலுவலகக் கிறிஸ்துமஸ் விருந்தில் அந்த முழங்கால்காரர் கோப்பையை உயர்த்தி, என் கண்ணைப் பார்த்து, ஏதோ புதிதாக அறிமுகம் செய்துகொள்வது போலத் தன் முதல் பெயரைச் சொன்னார். நானும் என் பெயரைச் சொன்னேன். மறுநாள் காலை அவராகவே என்னை நிறுத்தினார். இப்போது இடது முழங்காலிலும் ஆரம்பித்துவிட்டதாம்.