விமானம் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானப்படைத் தளம் இருக்கும் சூலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் போர் விமானம் ஒன்று தலைக்கு மேல் போனால் பாடம் தானாக நின்றுவிடும். ஆர்வத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்த ஆர்வத்தோடு பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வியான "விமானம் எப்படி மேலே நிற்கிறது?" என்பதற்கே நாம் தப்பான பதிலைச் சொல்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

"இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருப்பதால் மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம். கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்முனையில் சேர வேண்டுமே, அதனால் வேகமாக ஓடுகிறது." இப்படித்தான் பலரும் சொல்லித்தருகிறார்கள். மேலே காற்று வேகமாகப் போவதும், அங்கே அழுத்தம் குறைவதும் உண்மை. ஆனால் இரண்டு காற்றும் ஒன்றாகச் சேர வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. காற்றுச் சுரங்கத்தில் (இறக்கையை வைத்துக் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் கூண்டு) புகை விட்டுப் பார்த்தால், மேலே போன காற்றுதான் முந்திக்கொண்டு பின்முனையைத் தாண்டுகிறது. வளைவு மட்டுமே காரணம் என்றால் சாகச விமானங்கள் தலைகீழாகப் பறப்பது எப்படி?

இறக்கை, வருகிற காற்றை வளைத்துக் கீழே தள்ளுகிறது. காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். மேலே அழுத்தம் குறைவதும் கீழே காற்று தள்ளப்படுவதும் தனித்தனிக் காரணங்கள் இல்லை, ஒரே நிகழ்வுக்கு இரண்டு கணக்குகள்.

அடுத்தது தாள் சோதனை. உதட்டுக்குக் கீழே ஒரு தாள்துண்டைப் பிடித்து அதன் மேல்பக்கமாக ஊதினால் தாள் எழும்பும். "வேகமான காற்றில் அழுத்தம் குறைவு" என்று அங்கேயே முடித்துவிடாதீர்கள். அதே தாளை நேராகத் தொங்கவிட்டு, அதன் ஒரு பக்கத்தை ஒட்டி மேலிருந்து கீழாக ஊதச் சொல்லுங்கள். தாள் அப்படியே நிற்கும். ஊதிய வேகம் அதேதான், ஆனால் இழுப்பு இல்லை. முதல் தடவை தாள் வளைந்திருந்தது, காற்றும் அதை ஒட்டி வளைந்து திரும்பியது. அந்தத் திருப்பம்தான் அழுத்தத்தைக் குறைத்தது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். ஒரு வகுப்பு முழுக்கப் போனாலும் பரவாயில்லை.

இறக்கையைக் காட்ட விமான நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்று நினைப்பதும் தவறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பிப் பல்லடம், உடுமலைப் பக்கம் நிற்கும் காற்றாலைகளின் ஒவ்வொரு இதழும் ஓர் இறக்கைதான். அடியில் பருத்து, முனைக்குப் போகப் போக மெலிந்து, லேசாக முறுக்கியிருக்கும். ஏன் முறுக்கு? அடியைவிட முனை பல மடங்கு வேகமாக நகர்கிறது; அங்கே இதழைக் காற்று தாக்கும் கோணமே வேறு. அதற்கேற்ப இதழும் திரும்ப வேண்டும்.

அப்புறம், வேலை விஷயம். விமானம் என்றால் பைலட், ராக்கெட் என்றால் விண்வெளிப் பொறியியல் என்று சுருக்கிவிடுகிறோம். பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை கோவையில் படித்தது மின்னணுவியல். 2008இல் ஏவப்பட்ட சந்திரயான்-1க்குத் திட்ட இயக்குநர் அவர்தான். இஸ்ரோவின் பொறியாளர் தேர்வுகளில் பெரும்பாலான இடங்கள் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கே. ராணுவத் தளவாடத் தொழில்களுக்கான தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் சேலமும் இருக்கின்றன. நம்மூர் லேத், சிஎன்சி பட்டறைகளில் கற்ற துல்லியத்துக்கு விமான உதிரிபாகத் தயாரிப்பிலும் இடமுண்டு.

பைலட் ஆக ஏரோநாட்டிக்கல் பி.இ. தேவையில்லை. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும், 200 மணி நேரப் பறப்பு வேண்டும், மருத்துவத் தகுதி வேண்டும். பல லட்சம் கட்டணம் கட்டிவிட்டு மருத்துவப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். பரிசோதனையை முதலில் முடியுங்கள். விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பில் சேர்வதானால், பட்டம் மட்டும் போதாது, டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) உரிமம்தான், பராமரித்த விமானம் பறக்கத் தயார் என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் தரும். படிப்பை நடத்தும் நிறுவனத்துக்கு டிஜிசிஏ அனுமதி இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று டிஜிசிஏ பட்டியலிலேயே பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.