மண்சரிவு எச்சரிக்கை வந்தால் தோளில் மாட்டிக்கொண்டு இறங்க ஒரு பை: லயத்து வீடுகளுக்கான செய்முறை

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளைத்தான் லயம் என்கிறோம். எங்கள் லயத்தின் பின்சுவரிலிருந்து பத்தடி தள்ளி மண்மேடு எழும்பத் தொடங்குகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்த செய்தியைக் கேட்ட நாளிலிருந்தே "ஒரு பையைக் கட்டி வைக்க வேண்டும்" என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு பேச்சாகவே பல வருடங்கள் ஓடின. 2025 நவம்பர் கடைசி வாரத்தில் டித்வா சூறாவளியின் மழை மலையகம் முழுவதையும் அடித்தபோதுதான், இருட்டில், கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு பாடசாலைக் கட்டடத்துக்கு இறங்கினோம். அன்று நான் கட்டிய பை தவறான பை. பதினான்கு கிலோ இருந்தது, உள்ளே நனைந்தது, தேவையானது எதுவும் மேலே இருக்கவில்லை. அதன் பிறகு மூன்று முறை அவிழ்த்துக் கட்டிப் பார்த்துத் தேறிய முறையையே இங்கே எழுதுகிறேன்.

வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் பட்டியல்களில் கூடாரம், கோடரி, மூன்று நாள் தண்ணீர் எல்லாம் இருக்கும். நாம் காட்டுக்குள் போவதில்லை. பாடசாலைக்கோ கோவில் மண்டபத்துக்கோ போகிறோம். அங்கே முதல் நாளே பாணோ சோற்றுப் பார்சலோ எப்படியாவது வந்து சேர்ந்துவிடுகிறது. வராதவை மூன்று: பத்திரங்கள், வழமையாகக் குடிக்கும் மருந்து, காய்ந்த துணி. ஆகவே பையில் இடம் பிடிக்கும் வரிசையும் அதுதான்.

படி 1: பையைத் தெரிவு செய்தல்

பிள்ளைகள் பாவித்து விட்ட, இரு தோளிலும் மாட்டும் பாடசாலைப் பையே போதும். கைப்பிடி வைத்த பயணப்பை வேண்டவே வேண்டாம். மழையில் லயத்துப் படிகளில் இறங்கும்போது ஒரு கை சுவரையோ தேயிலைச் செடியையோ பிடிக்க வேண்டும், மற்றக் கை பிள்ளையைப் பிடிக்க வேண்டும். சிப் கடைசிவரை மூடுகிறதா, தோள்வார் தையல் விட்டிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். தையல் விட்டிருந்தால் சாக்குத் தைக்கும் ஊசியால் நைலோன் நூல் போட்டு இரண்டு ஓட்டம் தைத்துவிடுங்கள்.

பைக்குள்ளே ஒரு பொலித்தீன் உறை கட்டாயம் தேவை. "வோட்டர் புரூப்" என்று எழுதி விற்கும் பைகளை நான் நம்புவதில்லை, ஏனென்றால் துணி நனையாவிட்டாலும் தையல் வழியாகவும் சிப் வழியாகவும் தண்ணீர் இறங்கிவிடும். உரச்சாக்குக்குள் இருக்கும் தடித்த பொலித்தீன் உறை மிகவும் நல்லது. அதைச் சவர்க்காரம் போட்டு இரண்டு மூன்று முறை கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும். அது கிடைக்காதவர்கள் பெரிய கறுப்புக் குப்பைப் பைகள் இரண்டை ஒன்றினுள் ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம்.

படி 2: பத்திரங்கள்

இந்தப் படியில்தான் நான் விழுந்தேன். ஆகையால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அன்று இரவு எல்லாப் பத்திரங்களையும் ஒரு சொப்பிங் பையில் போட்டு, வாயை இறுக முடிச்சுப் போட்டு, பையின் அடியில் வைத்தேன். பாடசாலை விறாந்தையில் பையை இறக்கி வைத்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. விடிந்த பிறகு திறந்து பார்த்தால், என் அப்பாயியின் பிரஜாவுரிமைச் சான்றிதழின் கீழ்ப்பாதியில் மை கரைந்து ஊதா நிறத்தில் பரவியிருந்தது. இந்திய வம்சாவளியினரின் பிரஜாவுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த கடதாசி அது. அதைக் காட்டித்தான் எங்கள் வீட்டில் பலருடைய மற்றப் பத்திரங்கள் எடுக்கப்பட்டன. முடிச்சு அவிழ்ந்திருக்கவில்லை. நீண்ட நேரம் தேடிய பின்னரே காரணம் தெரிந்தது: பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியொன்றில் இருந்த ஸ்டேப்ளர் கம்பி, பையின் அடியில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. அந்த ஓட்டை வழியாக இரவு முழுவதும் தண்ணீர் ஊறியிருக்கிறது.

இப்போது நான் செய்வது இதுதான். முதலில் எல்லா ஸ்டேப்ளர் கம்பிகளையும் குண்டூசிகளையும் கழற்றிவிட வேண்டும். பத்திரங்களை மடிக்காமல், மூலைகள் குத்தாதபடி, பழைய கொப்பி மட்டைகள் இரண்டுக்கு நடுவில் வைக்க வேண்டும். அதை ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, காற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றி, வாயை முடிச்சுப் போடாமல் நான்கைந்து சுற்று மடித்துச் சுருட்டி, இரண்டு இறப்பர் வளையங்கள் போட வேண்டும். பின்னர் அதை வாய் கீழே வரும்படி திருப்பி இரண்டாவது உறைக்குள் வைத்து, அதன் வாயையும் அப்படியே சுருட்ட வேண்டும். முடிச்சின் சுருக்கங்களுக்கிடையே தண்ணீருக்குப் பாதை இருக்கும். சுருட்டிய மடிப்பில் அந்தப் பாதை அடைபட்டுவிடும்.

பத்திரங்களை வைப்பதற்கு முன்னர், வெறும் பத்திரிகைத் தாளை அதே முறையில் சுற்றி, வாளித் தண்ணீருக்குள் கல்லை ஏற்றி அரை மணித்தியாலம் அமிழ்த்தி வையுங்கள். எடுத்துப் பார்க்கும்போது பத்திரிகையின் ஓரம் கூட ஈரமாக இருக்கக்கூடாது. எனக்கு முதல் இரண்டு முறையும் நனைந்தது. மூன்றாவது முறைதான் காய்ந்தபடி வந்தது.

லெமினேட் செய்துவிடலாமே என்று பலர் சொல்வார்கள். மூலப் பத்திரங்களுக்கு நான் அதைச் செய்யமாட்டேன். அதன்மேல் எந்த அலுவலகத்திலும் முத்திரை வைக்க முடியாது. பழைய மெல்லிய கடதாசி சூட்டில் சுருங்கினால் திரும்பப் பெறவும் முடியாது.

உறைக்குள் போக வேண்டியவை: தேசிய அடையாள அட்டைகள் (வழமையாகப் பணப்பையில் வைப்பவர்கள் பிரதியை வைக்கலாம்), பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், வீட்டில் இருந்தால் பிரஜாவுரிமைச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், ஊழியர் சேமலாப நிதி தொடர்பான கடிதங்கள், கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் தடுப்பூசி விபரம் உள்ள சுகாதாரப் பதிவேடு, பரீட்சைச் சான்றிதழ்கள். தோட்டத்தில் பிறந்த மூத்தவர்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துக்கூட்டலும் இருப்பது நமக்குத் தெரிந்ததே. அப்படிப்பட்டவர்கள், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று எழுதிக் கொடுத்த சத்தியக்கடதாசியையும் சேர்த்து வைக்க வேண்டும். அதைத் திரும்ப எடுப்பதற்கு எத்தனை நாள் பேர் வெட்டிக்கொண்டு (நாட்சம்பளத்தை இழந்து) நகரத்துக்கு அலைய வேண்டும் என்பதை அலைந்தவர்கள் அறிவார்கள்.

எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, கொழும்பில் வேலை செய்யும் நம்பிக்கையான உறவினர் ஒருவருடைய தொலைபேசிக்கும் அனுப்பி வையுங்கள்.

படி 3: மருந்து

கிளினிக்கில் மருந்து மாதக் கணக்கில்தான் கிடைக்கிறது. மேலதிகமாகக் கேட்டால் தரமாட்டார்கள். ஆகவே புதிய மாதத்து மருந்து வந்த அன்றே அதிலிருந்து ஏழு நாளைக்குரியதை எடுத்துப் பையில் வைத்துவிட்டு, பையில் இருந்த பழைய ஏழு நாள் மருந்தை முதலில் குடித்து முடியுங்கள். எதுவும் காலாவதியாகாது, பையும் வெறுமையாகாது. மாத்திரைகளை வில்லையாக உதிர்த்து வைக்காமல், பெயர் எழுதிய உறையோடு வைக்க வேண்டும். முகாமுக்கு வரும் வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி "என்ன குளிசை குடிக்கிறீர்கள்?" என்பதுதான். "வெள்ளைக் குளிசை, சின்னது" என்று சொன்னால் அவரால் எதுவும் செய்ய இயலாது.

இவற்றோடு பனடோல் ஒரு அட்டை, ஜீவனி (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) நான்கு பைக்கற், காயத்துக்குக் கட்டும் துணி, பிளாஸ்டர் ஆகியவை போதும். பெண்களுக்குரிய துவாய்களை ஒரு மாதத்துக்குப் போதுமான அளவில் தனி உறையில் வையுங்கள். முகாமில் அதை ஆண்களிடம் கேட்டு வாங்கும் நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

படி 4: துணி

அப்புத்தளைப் பக்கத்துக் குளிரில், ஈரத்துணியோடு சீமெந்துத் தரையில் ஒரு இரவு படுத்தால் மறுநாள் காய்ச்சல் நிச்சயம். ஆளுக்கு ஒரு மாற்றுடுப்பு, ஒரு சுவெட்டர், இரண்டு சோடி காலுறை, ஒரு சாரம். போர்வை பாரம், ஆனால் சாரம் போர்வையாகும், மறைப்பாகும், பிள்ளைக்குத் தொட்டிலும் ஆகும். தரையில் விரிக்க, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு ஒன்றை வெளியே சுருட்டிக் கட்டிவிடுங்கள். மழையில் பையின் மேல் போர்த்தவும் அது உதவும். காலுக்கு இறப்பர் செருப்பு வேண்டாம், சேற்றில் அது காலை விட்டுக் கழன்றுவிடும். கன்வஸ் சப்பாத்தைப் பையின் பக்கத்தில் தொங்கவிட்டிருங்கள்.

படி 5: தண்ணீரும் சாப்பாடும்

ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். அதற்கு மேல் சுமக்க முடியாது. மண்சரிவுக்குப் பின் ஊற்றுத் தண்ணீர் கலங்கிவிடும் என்பதால், அதைத் துணியில் வடித்து, கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டே குடிக்க வேண்டும். ஆகவே ஒரு சின்ன அலுமினியப் பாத்திரமும் லைட்டரும் தேவை. சாப்பாட்டுக்கு பிஸ்கட், சமபோஷ (தானிய மா), வறுத்த கடலை, தேயிலைத் தூள், சீனி. அரிசியைத் தூக்காதீர்கள். நான் ஐந்து கிலோ தூக்கிக்கொண்டு போனேன், ஒரு மணிகூடச் சமைக்கவில்லை.

படி 6: வெளிச்சம், செய்தி, காசு

உள்ளேயே பற்றரி வைத்து மூடிய, செருகிச் சார்ஜ் செய்யும் மலிவான டோர்ச்சுகளை நான் விட்டுவிட்டேன். மாதக் கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் அவை செத்துவிடுகின்றன. நெற்றியில் கட்டும் டோர்ச் ஒன்றும் சிறிய வானொலி ஒன்றும், இரண்டுமே ஒரே அளவுப் பென்டோர்ச் பற்றரியில் இயங்குபவையாகப் பார்த்து வாங்குங்கள். பற்றரிகளை உள்ளே போட்டு வைக்கக்கூடாது, கசிந்து கம்பியை அரித்துவிடும். சூறாவளியின்போது தொலைபேசிக் கோபுரங்கள் பல வேலை செய்யாமல் போனதால், பவர் பேங்க் வைத்திருந்தவர்களுக்கும் பேச வழியில்லை. செய்தி வானொலியில்தான் வந்தது.

உறவினர்களின் இலக்கங்களைக் கடதாசியில் பென்சிலால் எழுதி வையுங்கள், பென்சில் எழுத்து கரையாது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்பியூலன்ஸ் 1990, பொலிஸ் 119. காசு நூறும் ஐந்நூறுமாக இருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத நாளில் ஐயாயிரம் ரூபாய்த் தாளுக்குக் கடையில் மிச்சம் கிடைக்காது.

படி 7: நிறுத்துப் பார்த்தல், நடந்து பார்த்தல்

கொழுந்து நிறுக்கும் தராசில் பையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கு ஆறு கிலோ, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு இரண்டு கிலோ என்று நான் எல்லை வைத்திருக்கிறேன். பிறகு, மழை பெய்யும் ஒரு மாலையில், பையை மாட்டிக்கொண்டு வீட்டாரோடு பாடசாலைவரை இறங்கிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் நாங்கள் வழமையாகப் போகும் குறுக்குப் பாதை ஓடையைக் கடக்கிறது என்பதும், அடைமழையில் அது பாதையே அல்ல என்பதும் அப்படி நடந்தபோதுதான் உறைத்தது.

படி 8: எங்கே வைப்பது, எப்போது எடுப்பது

பையை இஸ்தோப்புக் (முன் விறாந்தை) கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுங்கள். மேட்டுப் பக்கத்து அறையில் வைக்க வேண்டாம். மண் முதலில் வருவது அந்தப் பக்கமாகத்தான்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது: மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் வெளியேறிவிட வேண்டும். பொதுவாக 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் மழை என்பவை இந்தப் படிகளுக்குரிய அளவுகள். ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் சிவப்புத்தான். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஒரு டின்னை வெட்டவெளியில் வைத்து, அடிமட்டத்தால் அளந்து பார்த்தால் உங்கள் மேட்டில் பெய்யும் மழை உங்களுக்கே தெரியும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கிளம்பிய ஊற்று, தெளிந்த ஊற்று சேறாக வருவது, ஓடிய ஊற்று சட்டென்று நின்றுபோவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் எந்த நிறத்துக்கும் காத்திராமல் இறங்கிவிடுங்கள். நான் மஞ்சளுக்கே சப்பாத்தைப் போட்டுக்கொள்கிறேன்.

பதுளைப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒக்டோபர் தொடக்கத்திலும், ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தவர்கள் மே மாதத்துக்கு முன்னரும் பையை ஒருமுறை அவிழ்த்து, பிஸ்கட்டையும் பிள்ளைகளின் உடுப்பளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்னர் சேர்த்தவை

இதை வாசித்த ஹட்டன் பக்கத்துத் தாய் ஒருவர், கைக்குழந்தை உள்ள வீட்டில் பையைத் தோளில் மாட்டினால் பிள்ளையை எங்கே கட்டுவது என்று கேட்டிருந்தார். பிள்ளையைச் சாரத்தால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பையை முதுகில் போடலாம். ஆனால் அந்தப் பை மூன்று கிலோவைத் தாண்டக்கூடாது, மீதியை வேறொருவர் சுமக்க வேண்டும்.

இன்னொருவர், தன் தாயின் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கியதாக எழுதியிருந்தார். பழைய கண்ணாடி இருந்தால் அதையும் மருந்து உறைக்குள் வையுங்கள்.

மாடு வளர்ப்பவர்கள் பலர் கேட்டார்கள். மாட்டை இழுத்துக்கொண்டு படியில் இறங்க முயலாதீர்கள். செம்மஞ்சள் எச்சரிக்கை வந்தவுடன் கயிற்றை அவிழ்த்து விட்டுவிடுங்கள். அதற்காக, மழைக்காலத்தில் மட்டுமாவது, தொழுவத்தில் ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சாகப் போட்டு வையுங்கள். ஈரமான தென்னங்கயிற்றில் இறுகிய முடிச்சை இருட்டில், விறைத்த விரலால் அவிழ்க்க முடியாது.