ஃபாஸ்டேக்கும் ஆர்.சி.யும் ஒத்துப்போகாதபோது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரனூர் சுங்கச்சாவடியிலோ விக்கிரவாண்டியிலோ ஃபாஸ்டேக் வேலை செய்யவில்லை என்றதும் எல்லோரும் முதலில் பார்ப்பது பேலன்ஸைத்தான். உடனே ரீசார்ஜ் செய்கிறார்கள். அதற்கும் தடுப்பு எழும்பாவிட்டால் கோபம் சாவடி ஊழியர் மேல் திரும்புகிறது. ஆனால் பணம் இருந்தும் டேக் மறுக்கப்படுகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் பதிவில் இருக்கிறது. ஒரே வண்டிக்கு ஓரிடத்தில் ஒரு விவரமும் இன்னோரிடத்தில் வேறு விவரமும் இருக்கும்.

கண்ணாடியில் ஒட்டிய அந்தச் சின்ன ஸ்டிக்கருக்குப் பின்னால் மூன்று பதிவுகள் இருக்கின்றன. முதலாவது, ஆர்.டி.ஓ. அலுவலகம் வழியாக மத்திய அரசின் வாகன் தரவுத்தளத்தில் ஏறியிருக்கும் ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) விவரம். இரண்டாவது, டேக் கொடுத்த வங்கியில் உங்கள் பெயரில் இருக்கும் கணக்கு. மூன்றாவது, தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகமான என்.பி.சி.ஐ. வைத்திருக்கும் மேப்பர் என்ற கணினிப் பட்டியல். எந்த டேக் எந்த வண்டி எண்ணுக்கு உரியது, அந்த வண்டி என்ன வகை, டேக் இப்போது செல்லுமா என்பதெல்லாம் இந்த மேப்பரில் இருக்கும். சாவடி நம்புவது இதைத்தான். ஆகவே வங்கியின் ஆப்பில் ‘ஆக்டிவ்’ என்று காட்டுவதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். என்.பி.சி.ஐ. இணையதளத்தில் ஃபாஸ்டேக் நிலையைப் பார்க்கும் பக்கம் இருக்கிறது. வண்டி எண்ணைக் கொடுத்தால் எந்த வங்கியின் டேக், எந்த வகை, செல்லுபடியாகிறதா என்று காட்டிவிடும். ஒரு பைசா செலவில்லை. நீண்ட பயணத்துக்குக் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அலட்சியத்துக்கு விலை உண்டு. செல்லுபடியாகும் டேக் இல்லாத வண்டிக்கு 2021 பிப்ரவரியிலிருந்து இரு மடங்கு கட்டணம். 2025 நவம்பர் 15 முதல் யு.பி.ஐ. மூலம் கட்டினால் ஒன்றேகால் மடங்கு, ரொக்கமாகக் கட்டினால் பழையபடி இரு மடங்கு என்று மாற்றினார்கள். 100 ரூபாய் கட்டணம் என்றால் 125 அல்லது 200.

புதுக் காரில் தொடங்கும் சிக்கல்

ஷோரூமில் டேக் ஒட்டும்போது பெரும்பாலும் வண்டிக்குப் பதிவு எண் வந்திருக்காது. அதனால் வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரை வைத்து டேக் கொடுத்துவிடுவார்கள். எண் வந்த பிறகு டீலரே வங்கியில் மாற்றிவிடுவார் என்று நினைத்துக்கொண்டிருப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. அந்தப் பொறுப்பு வண்டிக்காரருடையது. வாங்கிய 90 நாட்களுக்குள் பதிவு எண்ணை வங்கியில் ஏற்ற வேண்டும். தவறினால் டேக் முடக்கப்படும். அதற்குப் பிறகு தரும் 30 நாட்களிலும் செய்யவில்லை என்றால் பிளாக்லிஸ்ட்தான், அதாவது தடைப் பட்டியல். 2024 ஆகஸ்டிலிருந்து இதுதான் நடைமுறை. சேஸிஸ் நம்பர் மட்டும் உள்ள டேக்குக்கு, சுங்கக் கட்டணத்துக்கான வருடப் பாஸும் கிடையாது.

சேஸிஸ் நம்பரில் ஓர் எழுத்து தவறினாலும் எல்லாம் நின்றுவிடும். அந்த எண் 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. அதில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே வராது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பக் கூடாது என்பதற்காக உலக அளவிலேயே அவற்றைத் தவிர்த்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் டேக் விண்ணப்பத்தில் யாராவது ‘ஓ’ என்று அடித்திருந்தால் அது நிச்சயம் பிழை, பெரும்பாலும் அங்கே பூஜ்யம்தான் இருக்க வேண்டும். பி-க்கும் 8-க்கும், எஸ்-க்கும் 5-க்கும் நடுவே வரும் குழப்பத்துக்கு இப்படி ஒரு சுலப வழி இல்லை. வண்டியில் பொறித்த எண்ணைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். முடிந்தால் பென்சிலால் தேய்த்து ஒரு பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு எண்ணிலும் இதே கதை உண்டு. நாம் பேச்சில் ‘டி.என். 9 ஏ 123’ என்போம். கணினிப் பதிவில் அது டி.என்.09ஏ0123 என்று பூஜ்யங்களோடு இருக்கும். பூஜ்யத்தை விட்டுவிட்டு விண்ணப்பித்தால் ‘இப்படி ஒரு வண்டியே இல்லை’ என்று பதில் வரும். பழைய வண்டிகள் சிலவற்றில் இன்னொரு தொல்லை: கையால் எழுதிய ஆர்.சி. புத்தகத்தோடு நின்றுபோய், விவரம் வாகன் தளத்தில் ஏறவே இல்லாமல் இருக்கும். எந்த வங்கிக்குப் போனாலும் இதற்குத் தீர்வு கிடைக்காது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பதிவைக் கணினியில் ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

திருத்தும் வரிசையை மாற்றாதீர்கள்

பிழை தெரிந்ததும் வங்கிக்கு ஓடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. வங்கி என்ன செய்யும்? நீங்கள் சொல்வதை வாகன் தளத்தோடு ஒப்பிடும். அங்கேயே பிழை இருந்தால் உங்கள் சரியான எண்ணைத் தவறு என்று திருப்பி அனுப்பிவிடும். நீங்கள் மறுபடி அனுப்ப, அவர்கள் மறுபடி மறுக்க, வாரங்கள் ஓடும். ஆர்.சி.யில் பிழை என்றால் முதலில் ஆர்.டி.ஓ.வில் திருத்துங்கள். திருத்தம் அரசின் எம்பரிவாகன் ஆப்பிலோ டிஜிலாக்கரிலோ வந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். அப்புறம் புதிய ஆர்.சி. நகலோடு வங்கிக்குப் போங்கள். வங்கி ‘மாற்றிவிட்டோம்’ என்ற பிறகு என்.பி.சி.ஐ. பக்கத்தில் சரிபாருங்கள். ஆர்.சி. சரியாக இருந்து வங்கியில் மட்டும் பிழை என்றால் பாதி வேலை மிச்சம்.

விற்கும்போதும் வாங்கும்போதும்

பெரிய பணச் சிக்கல்கள் வருவது இங்கேதான். காரை விற்றவர் சாவியையும் ஆர்.சி.யையும் கொடுத்துவிட்டு டேக்கை அப்படியே விட்டுவிடுகிறார். அவருடைய வங்கிக் கணக்கில் ஆட்டோ ரீசார்ஜ் இருந்தால், வாங்கியவர் போகும் சாவடிகளுக்கெல்லாம் விற்றவர் பணம் போகும். எதிர்ப்பக்கமும் உண்டு. வாங்கியவர் யு.பி.ஐ. ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு ரீசார்ஜ் செய்கிறார். அந்தப் பணம் போய்ச் சேருவது பழைய உரிமையாளரின் பெயரில் இருக்கும் டேக் கணக்கில். நாளைக்கு அவர் டேக்கை மூடினால் மீதி அவருக்குத்தான் திரும்பும். ‘ஒரு வண்டிக்கு ஒரு ஃபாஸ்டேக்’ என்பது விதி என்பதால், பழையது உயிரோடு இருக்கும்வரை புதிய டேக் எடுப்பதும் இழுபறியாகும்.

ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. விற்பவர் அன்றைக்கே டேக்கை மூடச் சொல்லி வங்கிக்கு எழுதிவிட வேண்டும். மூடுவதற்கு முன் பழைய ஸ்டேட்மென்ட் முழுவதையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு மூடியபின் உள்ளே நுழைய முடியாமல் போகலாம். ஆறு மாதம் கழித்து ஒரு கேள்வி வந்தால் கையில் எதுவும் இருக்காது.

வேறு மாநில வண்டி என்றால் கூடுதல் கவனம் தேவை. பெங்களூரில் வாங்கிய கே.ஏ. எண் காரை ஓசூருக்குக் கொண்டுவந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும். அப்போது சேஸிஸ் நம்பர் அதேதான், பதிவு எண் மட்டும் புதிது. பழைய டேக்கை மூடாமல் புதிய எண்ணில் இன்னொன்று எடுக்கப் போனால், ஒரே சேஸிஸுக்கு இரண்டு எண் என்று கணினி தடுக்கும். பழையதிலேயே எண்ணை மாற்றக் கேட்பதைவிட, அதை மூடிவிட்டுப் புதிதாக எடுப்பதே சுருக்கமான வழி என்பது என் எண்ணம். முன் கண்ணாடியை மாற்றினாலும் புதுசு வேண்டும். உரித்த டேக் மறுபடி வேலை செய்யாது.

டேக்கை ஒட்டாமல் கையில் எடுத்துக் காட்டுவது, ஒரு வண்டியின் டேக்கை இன்னொன்றில் பயன்படுத்துவது, இவையெல்லாம் பிளாக்லிஸ்டுக்கு நேர்வழி. லாரி, வேன் வைத்திருப்பவர்கள் வகை விஷயத்தில் ஏமாறக் கூடாது. கீழ் வகை டேக்கில் கனரக வண்டி போனால் சாவடியின் கருவி சக்கர அச்சுகளை எண்ணிப் படத்தோடு பதிந்துவிடும், வித்தியாசத் தொகை பிறகு கழியும். சொந்தக் காரை டாக்ஸியாக மாற்றினால் டேக்கிலும் அது மாற வேண்டும்.

கழிந்த பணத்தைக் கேட்கும் முன்

‘வண்டி வீட்டில் நிற்கிறது, பணம் போய்விட்டது’ என்ற புகார்களில் சில உண்மையில் தாமதமாக வந்த எஸ்.எம்.எஸ்.கள். ஸ்டேட்மென்டில் டேக் படிக்கப்பட்ட நேரம் வேறு, பணம் கழிந்த நேரம் வேறு. முதல் நேரத்தைப் பாருங்கள். நீங்கள் உண்மையிலேயே அப்போது அந்தச் சாவடியில் இருந்திருந்தால் புகாருக்கு இடமில்லை.

வருடப் பாஸ் வைத்திருப்பவர்களும் அவசரப்படுகிறார்கள். 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு வந்த அந்தப் பாஸ் ஓராண்டுக்கு அல்லது 200 பயணங்களுக்கு, எது முந்துகிறதோ அதுவரை. சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும், தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டும். ஈ.சி.ஆரில் உத்தண்டிச் சாவடி மாநிலத்தின் பொறுப்பில் இருப்பது. அங்கே வழக்கமான பேலன்ஸிலிருந்துதான் கழியும். அது பிழையல்ல. ஒரு சாவடியைப் போகவர இருமுறை கடந்தால் இரண்டு பயணங்கள் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

உண்மையான பிழைகள் வேறு. சில நிமிட இடைவெளியில் ஒரே சாவடியில் இருமுறை கழிவது, காருக்கு மேல் வகைக் கட்டணம் போவது, 24 மணி நேரத்துக்குள் திரும்பியும் முழுக் கட்டணம் எடுப்பது. போகவர இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. டேக் சரியாக இருந்து பேலன்ஸும் இருந்து சாவடிக் கருவி மட்டும் பழுது என்றால், பணம் வாங்காமல் பூஜ்ய ரசீது தந்து அனுப்ப வேண்டும் என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. பலருக்கு இது தெரியாததால் ரொக்கம் கட்டிவிட்டு வருகிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கவலை தர வேண்டியது, நீங்கள் போகாத ஊரின் சாவடியில் பணம் கழிவது. டேக் படிக்காத வேறொரு வண்டிக்காக ஊழியர் எண்ணைக் கையால் அடித்து, அது தவறி உங்கள் எண்ணாகியிருக்கலாம். இதற்காகச் சாவடி நடத்துபவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் 1 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ அபராதம் விதிக்கப்படுகிறது. ஆகவே தயங்காமல் கேளுங்கள். சாவடிப் பாதையில் கேமரா எடுத்த லேன் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். படத்தில் வேறு வண்டி உங்கள் நம்பர் பிளேட்டோடு நின்றால் விஷயமே வேறு. அது போலி எண், உடனே போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். நாளை அந்த வண்டி விபத்தில் சிக்கினால் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு.

புகாரை டேக் கொடுத்த வங்கியில் பதிந்து டிக்கெட் எண் வாங்குங்கள். சாவடி தொடர்பானது என்றால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கும் சொல்லுங்கள். சாவடிப் பெயர், நேரம், பரிவர்த்தனை எண் மூன்றும் வேண்டும். வண்டி வேறிடத்தில் இருந்ததற்கு சர்வீஸ் பில், பார்க்கிங் சீட்டு, ஜி.பி.எஸ். பதிவு என ஏதாவது ஒன்று இருந்தால் வேலை வேகமாகும். கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘ஃபாஸ்டேக் கஸ்டமர் கேர்’ எண்களைத் தொடவே தொடாதீர்கள். வங்கியின் சொந்த ஆப்பில் இருக்கும் எண் மட்டும் போதும்.

தடுப்பே இல்லாத சுங்க வசூலுக்கு 2025 ஆகஸ்டில் குஜராத்தின் சோர்யாசி சாவடியிலும் ஹரியானாவின் கரௌண்டாவிலும் ஏற்பாடு தொடங்கியது. கேமரா நம்பர் பிளேட்டையும் டேக்கையும் ஓடும் வண்டியிலேயே படித்துவிடும். கட்டணம் கழியாவிட்டால் பாக்கி வண்டி எண்ணின் மேல் நிற்கும். 2026 ஜனவரியில் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, அந்தப் பாக்கி தீராமல் தடையின்மைச் சான்றான என்.ஓ.சி.யும் தகுதிச் சான்றும் கிடைக்காது. ஆகவே பழைய கார் வாங்குபவர்கள் இன்சூரன்ஸ், அபராதச் சலான் பார்ப்பதோடு சுங்கப் பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பழைய டேக் மூடப்பட்டதாக வங்கி அனுப்பிய செய்தியை விற்பவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு மீதித் தொகையைக் கொடுங்கள்.