சீலா, வஞ்சிரம், காக்கா ஆழி: உயிரினங்களை அடையாளம் காணும்போது நேரும் தவறுகள்

காசிமேட்டில் சீலா கேட்டால் நீண்ட தாடையும் கூர்ப்பல்லும் கொண்ட மீன் கூடைக்கு வரும். தூத்துக்குடியில் அதே பெயரைச் சொன்னால் வஞ்சிரத்தைக் காட்டுவார்கள். இரண்டும் வேறுவேறு குடும்பத்து மீன்கள். ஆகவே ஊர்ப்பெயரைக் கேட்ட கையோடு அறிவியல் பெயரை எழுதிவிடக் கூடாது. பெயரைக் கேட்டபடியே எழுதி, எந்தக் கரையில் கேட்டது என்பதையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

வஞ்சிரம் என்ற பெயருக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. உடலின் நெடுக ஓடும் பக்கக்கோட்டைப் பாருங்கள். இரண்டாம் முதுகுத்துடுப்பு முடியும் இடத்துக்குக் கீழே அது திடீரென்று இறங்கினால் ஸ்கோம்பெரோமோரஸ் கொமர்சன். மெதுவாகச் சரிந்து போய், உடலில் உருண்டைப் புள்ளிகளும் இருந்தால் ஸ்கோம்பெரோமோரஸ் கட்டேட்டஸ். ஐஸில் கிடந்த மீனில் பட்டையும் புள்ளியும் மங்கிப்போகும். கோடு அப்படியே இருக்கும்.

நிறத்தை நம்பி ஏமாறுவது நண்டில்தான் அதிகம். நீலக்கால் நண்டில் ஆண் நீலமாகவும் பெண் பழுப்புப் பச்சையாகவும் இருக்கும். இரண்டையும் இரண்டு சிற்றினமாகக் கணக்கிட்டால் பட்டியலே தப்பு. முதலில் நண்டைப் புரட்டி அடிவயிற்று மடிப்பைப் பாருங்கள்: குறுகியிருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் வளர்ந்த பெண். பிறகு ஓட்டின் பின்பகுதியில் மூன்று செம்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது போர்ட்டுனஸ் சாங்குயினோலென்டஸ் என்ற வேறு சிற்றினம்.

பழைய நூலை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் வைப்பதும் சிக்கல்தான். நீலக்கால் நண்டு முழுவதும் போர்ட்டுனஸ் பெலாஜிகஸ் என்றே வெகுகாலம் எழுதப்பட்டது. 2010இல் அதை நான்கு சிற்றினங்களாகப் பிரித்தார்கள். வங்கக் கடலில் இருப்பது போர்ட்டுனஸ் ரெட்டிகுலேட்டஸ். சேற்று நண்டுக்கும் 1998இல் இதே போன்ற திருத்தம் வந்தது. கொடுக்குக் கையின் மணிக்கட்டு வெளிப்புறத்தில் இரண்டு கூர்முட்கள் தெளிவாக நின்றால் சில்லா செரேட்டா. முட்கள் தேய்ந்து ஒன்றோ இல்லாமலோ இருந்தால் சில்லா ஆலிவேசியா. 1998க்கு முந்தைய கட்டுரைகளில் செரேட்டா என்றிருப்பது எல்லாம் இன்றைய செரேட்டா ஆகிவிடாது.

எண்ணூர்க் கழிமுகத்தில் தவறான அடையாளத்தால் உண்மையான கேடே விளையும். அங்கே பரவியிருக்கும் காக்கா ஆழி என்ற சிப்பி, அமெரிக்க வெப்பக் கடலோரங்களைச் சேர்ந்த மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. அது ஆற்றுத் தரையைக் கம்பளம்போல் மூடிவிடுவதால் இறால் புதைய இடமில்லாமல் போகிறது. அதன் ஓடு கறுப்பு, பழுப்பு, பச்சை என்று பல நிறத்திலும் வரும். நம் பச்சை ஆழியோ குட்டியில் நல்ல பச்சை, முதிர்ந்தால் பழுப்பு கலந்துவிடும். அதனால் வெளிப்புறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓட்டைத் திறந்து சதையை வழித்தெடுத்து, கழுவி உலர்த்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கூர்முனைப் பக்கத்தில் சின்னத் தசைத் தழும்பு தெரிந்தால் காக்கா ஆழி. வளர்ந்த பச்சை ஆழிக்கு அந்தத் தசையே கிடையாது. ஒரே ஓட்டோடு நிறுத்தாமல் சிறிதும் பெரிதுமாகப் பத்து ஓடுகளையாவது பாருங்கள்.

இணை இணையாக எதிரெதிர் அடையாளங்களைத் தந்து பெயருக்கு வழிகாட்டும் எண்ணிட்ட பட்டியலே அடையாளத் திறவுகோல். அதில் முதல் வரி ஒத்துவந்ததும் அடுத்த எண்ணுக்குத் தாவும் பழக்கம் பலருக்கு உண்டு. எதிர்வரியையும் படித்த பிறகே நகருங்கள். வேறு கடலுக்கென்று எழுதிய திறவுகோல் நம் கரை நண்டுக்கும் ஏதோ ஒரு பெயரைக் கொடுத்தே தீரும். அதனால் அது எந்தப் பகுதிக்கானது என்பதை முதலில் பாருங்கள். முள் உடைந்து சந்தேகம் வந்தால் சிற்றினப் பெயர் எழுதாமல், போர்ட்டுனஸ், சில்லா போன்ற பேரினப் பெயரோடு நிறுத்துவதே நேர்மை.

மாதிரியைப் பாதுகாப்பதிலும் ஒரு தவறு நேரும். ஃபார்மலினில் போட்டால் வடிவம் நிற்கும், டி.என்.ஏ. கெடும். முதலில் ஒரு துண்டுத் தசையை 95 சதவீத எத்தனாலில் எடுத்துவைத்துவிட்டு மீதியை ஃபார்மலினில் போடுங்கள். தசையிலிருந்து நீர் கசிந்து எத்தனால் நீர்த்துவிடும் என்பதால் மறுநாள் அதை மாற்றுங்கள். இடம், தேதி, பிடித்த வலை, கேட்ட பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிச் சீட்டைப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.