ஆஸ்கர் படங்களைப் பார்த்து எழுதப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வந்த அன்றைக்கே நம்மில் நிறையப் பேர் ஒரு கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம். சிறந்த படத்துக்கு 10, குறும்படங்கள் 15, அப்புறம் சர்வதேசப் படம், ஆவணப்படம், அனிமேஷன் தலா 5. ஒரே படம் நாலைந்து பிரிவுகளில் வந்தாலும் மொத்தக் கணக்கு ஐம்பதைச் சுற்றி நிற்கும். விழாவுக்கு இருப்பதோ சில வாரங்கள். அதற்குள் எல்லாவற்றையும் பார்த்து, எல்லாவற்றுக்கும் விமர்சனம் எழுதி முடித்துவிட வேண்டும் என்று கிளம்புவதுதான் முதல் தவறு, மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

எண்ணிக்கை மனதில் ஏறிவிட்டால் ஒரே நாளில் மூன்று படம் பார்ப்போம். நானும் பார்த்திருக்கிறேன். மறுநாள் எழுத உட்கார்ந்தால், அப்பாவும் மகளும் பேசாமல் காருக்குள் உட்கார்ந்திருக்கும் காட்சி காலையில் பார்த்த படத்தில் வந்ததா, இரவு பார்த்ததில் வந்ததா என்று தெரியவில்லை. இரண்டையும் திரும்பப் பார்த்த பிறகுதான் எழுத முடிந்தது. ஒரு நாளைக்கு ஒரு படம் போதும். முடிந்ததும் போனை எடுக்காமல் பத்து நிமிடம் குறிப்பு எழுதுங்கள். அதில் ‘அருமையான நடிப்பு’ என்று எழுதினால் நாலு நாள் கழித்துப் படிக்கும்போது அந்த வரியில் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. ‘கதவைத் திறக்காமல் கைப்பிடியில் கை வைத்து நிற்கிறாள், முகம் தெரியவில்லை, முதுகு மட்டும்தான் தெரிகிறது’ என்று எழுதி வைத்தால் அந்த நடிப்பு உங்களிடம் அப்படியே இருக்கும், விமர்சனமும் அங்கிருந்தே தொடங்கிவிடும்.

எதை முதலில் பார்ப்பது? சிறந்த படப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்காமல், உங்களுக்குப் பிடித்த ஒரு பிரிவை எடுத்து அதில் உள்ள ஐந்தையும் முடியுங்கள். ஒளிப்பதிவு, தழுவல் திரைக்கதை, எதுவானாலும் சரி. ஐந்தில் மூன்றைப் பார்த்துவிட்டு ‘இவர்தான் சிறந்த துணை நடிகை’ என்று எழுதுவது மற்ற இருவருக்கும் செய்கிற அநியாயம். ஆஸ்கர் விருதை வழங்கும் அகாடமியே 2025 ஏப்ரலில் ஒரு விதி கொண்டுவந்தது: ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் பார்த்த உறுப்பினர்தான் அந்தப் பிரிவின் இறுதி வாக்கைப் போட முடியும். எனக்குக் கேட்டால் இந்த விதி எப்போதோ வந்திருக்க வேண்டும். பார்க்க முடியாமல் போனால் ‘இந்த இரண்டையும் இன்னும் பார்க்கவில்லை’ என்று விமர்சனத்திலேயே சொல்லிவிடுங்கள், வாசகர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்த தவறு, ஒலியைச் சரியாகக் கேட்காமல் படம் பார்ப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் நான் ஒரு நல்ல படத்தையே கிட்டத்தட்ட இழந்தேன். ‘தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ படத்தை முதலில் லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில், ஜன்னல் திறந்திருக்க, வெளியே வண்டிச் சத்தத்துக்கு நடுவில் பார்த்தேன். ஒரு குடும்பம், அழகான தோட்டம், பிள்ளைகள், நீச்சல் தொட்டி. ‘பாதிப் படம் வரை ஒன்றும் நடக்கவில்லை’ என்று குறிப்பு எழுதினேன். அப்புறம் அந்தப் படம் 2024 விழாவில் சிறந்த ஒலிக்கான பரிந்துரையும் பெற்றிருக்கிறதே என்று உறுத்தி, ஹெட்போன் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அந்தத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம், நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் வதைமுகாம். கேமரா சுவரைத் தாண்டி அங்கே நடக்கும் கொடுமையைக் காட்டுவதில்லை, ஆனால் காது தாண்டுகிறது. தொலைவில் துப்பாக்கிச் சத்தம், ஒரு அலறல், நாய்க் குரைப்பு, இதற்கெல்லாம் அடியில் நிற்காமல் ஓடும் ஒரு உறுமல். அந்த வீட்டு அம்மா பூச்செடிகளைக் காட்டிக்கொண்டே நடக்கும்போதும் அது நிற்பதில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று நான் எழுதிய அந்த நேரம் முழுக்க அங்கே கொலை நடந்துகொண்டிருந்தது. ஒலிக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்குத்தான் போனது.

அதனால் பரிந்துரைப் பட்டியலைப் படம் பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டியாகவும் வைத்துக்கொள்ளலாம். எடிட்டிங்குக்கு வந்திருக்கிறதா, வெட்டுகள் எங்கே விழுகின்றன என்று கவனியுங்கள். ஒலிக்கு வந்திருந்தால் ஹெட்போன் இல்லாமல் உட்காராதீர்கள்.

டப்பிங்கில் பார்த்துவிட்டு நடிப்பைப் பற்றி எழுதாதீர்கள், நடிப்பில் பாதி குரல்தான். நீளமான படத்தைத் துண்டு துண்டாகப் பார்ப்பதும் வேண்டாம். ‘தி புரூட்டலிஸ்ட்’ 3 மணி 35 நிமிடம் ஓடுகிறது, ஆனால் அதற்குள்ளேயே 15 நிமிட இடைவேளை வைத்திருக்கிறார்கள். எழுந்து போவதானால் அப்போது போங்கள்.

பரிந்துரைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவது இன்னொன்று. 2020இல் ‘தி ஐரிஷ்மேன்’ 10 பரிந்துரைகளோடு போய் ஒரு விருதுகூட இல்லாமல் திரும்பியது. இரண்டு வருடம் கழித்து ‘கோடா’ வெறும் 3 பரிந்துரைகளோடு வந்து மூன்றையும் வென்றது, அதில் ஒன்று சிறந்த படம். ‘இத்தனை பரிந்துரை வாங்கிய படம் மோசமாக இருக்குமா, எனக்குத்தான் புரியவில்லை போல’ என்று உங்களுக்கு ஒட்டாத படத்தைப் புகழ்ந்து எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். எந்த இடத்தில் படம் உங்களைக் கைவிட்டது என்று காட்சியைச் சொல்லி எழுதுங்கள், அதுதான் நேர்மை.

‘யாருக்குக் கிடைக்க வேண்டும்’, ‘யாருக்குக் கிடைக்கும்’ இந்த இரண்டையும் ஒரே விமர்சனத்தில் கலப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற குழப்பம். முதலாவது படத்தைப் பற்றியது, இரண்டாவது வாக்காளர்களைப் பற்றியது. மற்ற பிரிவுகளில் அதிக வாக்கு வாங்கியவர் ஜெயிப்பார், சிறந்த படத்துக்கு மட்டும் முறை வேறு. உறுப்பினர்கள் 10 படங்களையும் தங்கள் விருப்ப வரிசையில் எழுதுகிறார்கள். எந்தப் படத்துக்கும் பாதிக்கு மேல் முதலிடம் கிடைக்கவில்லை என்றால், கடைசியில் நிற்கும் படத்தை நீக்கிவிட்டு, அதை முதலிடத்தில் எழுதியிருந்த வாக்குச் சீட்டுகளை அவற்றில் அடுத்து எழுதியிருக்கும் படத்துக்குக் கொடுக்கிறார்கள், ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இப்படியே போகிறது. சிலர் உயிராக நேசித்து மற்றவர்கள் வெறுக்கும் படத்தை விட, எல்லோருக்கும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பிடித்த படத்துக்கு இதில் வாய்ப்பு அதிகம். கணிப்பு எழுத ஆசை இருந்தால் தாராளமாக எழுதுங்கள், ஆனால் விமர்சனத்தை முடித்த பிறகு, தனியாக.

பரிந்துரைப் பட்டியலே ஆண்டின் மொத்த சினிமா என்று நம்பிவிடவும் வேண்டாம். சர்வதேசப் படப் பிரிவுக்கு ஒரு நாடு ஒரே ஒரு படத்தைத்தான் அனுப்ப முடியும், அனுப்பாத எத்தனையோ நல்ல படங்கள் வெளியிலேயே நிற்கின்றன. குறும்படங்களைக் கடைசிக்குத் தள்ளி, கடைசியில் விட்டுவிடுவதும் வேண்டாம். 40 நிமிடத்தைத் தாண்டாதவைதானே, முதல் வாரத்திலேயே பார்த்துவிடலாம்.

இன்னொன்று, விழா முடிந்த மறுநாள் பழைய விமர்சனத்தைத் திறந்து, வென்ற படத்துக்குக் கொடுத்த மதிப்பெண்ணை ஏற்றாதீர்கள். படத்தை மறுபடி பார்த்து உண்மையாகவே மனம் மாறியிருந்தால், பழையதை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே தேதி போட்டு, எந்தக் காட்சியில் மாறியது என்று புதிதாக எழுதுங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் பார்த்த அன்று எழுதிய அந்தக் குறிப்பை நான் இன்னும் அழிக்கவில்லை, அதற்கு நேர் கீழேதான் இரண்டாவது குறிப்பு இருக்கிறது.